சோபாவிற்கு நீராவிக் குளியல்: தருமுன் கவனிக்க வேண்டியவை

கம்ப்யூட்டர் இதழில் சோபாவிற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். லேப்டாப் கம்ப்யூட்டரை சோபாவில் வைத்து இயக்குபவர்களுக்கு இந்தக் கேள்வி எழாது. பெரும்பாலான லேப்டாப்கள் தங்களைக் குளிர்வித்துக் கொள்ளத் தேவையான காற்றை அடிப்புறத் துளைகள் வழியாகத்தான் இழுக்கின்றன. அந்தத் துளைகளுக்குக் கீழே இருப்பது பல ஆண்டுத் தூசியைச் சேர்த்து வைத்திருக்கும் சோபா துணி. சர்வீஸ் சென்டரில் லேப்டாப்பைத் திறந்தால் சிறிய விசிறியைச் சுற்றிக் கம்பளி போலப் படிந்திருக்கும் நூல் துகளும் முடியும் எங்கிருந்து வந்தன என்று யோசிக்க வேண்டியதில்லை. ஒரு வகையில் சோபாவும் உங்கள் கம்ப்யூட்டரின் பெரிபெரல்களில் ஒன்றுதான்!

இப்போது ஆன்லைன் கடைகளில் ஸ்டீம் கிளீனர் என்னும் சாதனம் பல விலைகளில் கிடைக்கிறது. கெமிக்கல் வேண்டாம், சோப்பு வேண்டாம், தண்ணீர் ஊற்றி ஸ்விட்ச் போட்டால் போதும் என்று விளம்பரம் கூறுகிறது. இதில் உண்மை உண்டு. ஆனால் விளம்பரத்தில் கூறாதவையும் உண்டு. தவறான துணியில் நீராவி பட்டால் சோபா சுருங்கும், வட்ட வட்டமாகக் கறை படியும். சரியாக உலராவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கவனமின்றிக் கையாண்டால் கை வெந்து போகும். எனவே, சாதனத்தை வாங்கும் முன்னரும், வாங்கியவர்கள் அதனை ஆன் செய்திடும் முன்னரும் தெரிந்து கொள்ள வேண்டியவற்றை இங்கு காணலாம்.

ஸ்டீமா, வெந்நீரா?

ஒரே பெயரில் மூன்று வகைச் சாதனங்கள் விற்கப்படுகின்றன. முதல் வகைதான் உண்மையான ஸ்டீம் கிளீனர். உள்ளே ஒரு சிறிய பாய்லர் இருக்கும். தண்ணீர் கொதித்து, அழுத்தத்துடன் நீராவியாக வெளியே வரும். இரண்டாவது வகை, துணியின் மீது வெந்நீரையும் ஷாம்பு கரைசலையும் பீய்ச்சி, உடனேயே அழுக்கு நீரை உறிஞ்சி எடுக்கும் சாதனம். இதில் நீராவி என்பதே இல்லை. வீட்டிற்கு வந்து சோபா சுத்தம் செய்து தருபவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது ஷாம்புவும் ஈரம் உறிஞ்சும் வாக்குவம் கிளீனரும்தான். பேச்சு வழக்கில் அதனையும் ஸ்டீம் வாஷ் என்று சொல்லி விடுகிறார்கள். மூன்றாவது, சட்டை சுருக்கம் நீக்கப் பயன்படும் கார்மெண்ட் ஸ்டீமர். இதன் நீராவி மென்மையானது; சில நேரங்களில் சூடான தண்ணீரையே துப்பும். சிறிய இடங்களுக்குப் பரவாயில்லை. மொத்த சோபாவிற்குப் போதாது.

ஒன்றை மறக்கக் கூடாது. நீராவி அழுக்கை இளக்கும், அகற்றாது. இளகிய அழுக்கை எடுப்பது நீங்கள் துடைக்கும் துணிதான். இது புரியாமல் அரை மணி நேரம் நீராவியை அடித்து விட்டு, கருவி சரியில்லை என்று ரிவ்யூ பகுதியில் ஒரு ஸ்டார் தருபவர்கள் பலர்.

உள்ளே என்ன நடக்கிறது?

நம் வீட்டு பிரஷர் குக்கரை நினைத்துக் கொள்ளுங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். குக்கருக்குள் வெயிட் தரும் அழுத்தத்தினால் அது ஏறத்தாழ 120 டிகிரி வரை செல்லும். 3 பார் அழுத்தம் என்று அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் ஸ்டீம் கிளீனரின் பாய்லருக்குள் வெப்பம் 140 டிகிரியைத் தாண்டும். ஆனால் நாசிலை விட்டு வெளியே வந்தவுடன் நீராவி விரிந்து, சுற்றியுள்ள காற்றுடன் கலந்து, சில சென்டிமீட்டர் தூரத்திலேயே 100 டிகிரிக்குக் கீழ் இறங்கி விடும். அதனால்தான் நாசிலை எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறோம் என்பது முக்கியமாகிறது.

சிறிய கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டு வந்து நீராவியாக்க ஏறத்தாழ 2,550 ஜூல் ஆற்றல் வேண்டும். அப்படியானால் 1,000 வாட்ஸ் கருவி நிமிடத்திற்கு 23 கிராம் அளவிற்குத்தான் நீராவி தர முடியும். 1,500 வாட்ஸ் என்றால் 35 கிராம். இதற்கு மேல் தருவதாக யாராவது விளம்பரம் செய்தால், வருவது நீராவி அல்ல, சூடான தண்ணீர் கலந்த தூறல் என்று கொள்ளலாம். கைக்கு அடக்கமான கருவியில் உள்ள 250 மில்லி தொட்டி பத்து நிமிடங்களில் காலியாவதும் இதனால்தான். மூன்று பேர் அமரும் சோபாவிற்கு இரண்டு மூன்று முறை நிரப்ப வேண்டி இருக்கும். ஒவ்வொரு முறையும் ஆறும் வரை காத்திருக்கவும் வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் பெரிய தொட்டி உள்ள தரையில் வைக்கும் மாடலை வாங்குவது நல்லது.

ஸ்பைக் பஸ்டரில் செருகலாமா?

கூடாது. 1,500 வாட்ஸ் கருவி 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். 2,000 வாட்ஸ் என்றால் 8.7 ஆம்பியர். நம் வீடுகளில் டிவி, கம்ப்யூட்டர் அருகே இருக்கும் சிறிய பிளக் பாயிண்ட் 5 அல்லது 6 ஆம்பியருக்கானது. எனவே வாஷிங் மெஷின், ஏ.சி.க்காகப் போடப்பட்டிருக்கும் 15 அல்லது 16 ஆம்பியர் பவர் பிளக்கில்தான் செருக வேண்டும். கன்வெர்ட்டர் பிளக் போட்டுச் சிறிய பாயிண்டில் இணைப்பது ஆபத்து. கம்ப்யூட்டருக்கான எக்ஸ்டென்ஷன் போர்டு, சாதாரண ஸ்மார்ட் பிளக் ஆகியவையும் வேண்டாம். 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸின் திறன் 360 வாட்ஸ் அளவில்தான் இருக்கும். அதில் இதனை இணைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஹால் முழுவதும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் வீடுகளில் எந்த பாயிண்ட் எதில் வருகிறது என்று முதலில் பார்த்துக் கொள்ளுங்கள்.

தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம் இது. மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவிற்கே ட்ரிப் ஆகும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் மின்சாரம் நிற்கிறதா என்று ஒருமுறை சோதித்து விடவும். கம்ப்யூட்டரை முதலில் ஷட் டவுன் செய்திட மறக்க வேண்டாம்.

மோட்டார் வைத்த ரிக்ளைனர் சோபா வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இவற்றின் அடியில் மோட்டார், ஒயர்கள், அடாப்டர் ஆகியன உண்டு. கைப்பிடியில் யு.எஸ்.பி. சார்ஜிங் துளையும் பட்டன்களும் இருக்கும். சுவர் பிளக்கிலிருந்து முதலில் கழற்றி விடுங்கள். பட்டன், யு.எஸ்.பி. துளை, இருக்கைகளுக்கு இடையிலான இடுக்கு ஆகியவற்றின் பக்கம் நீராவியைக் கொண்டு செல்லவே கூடாது. முழுவதும் உலர்ந்த பின்னரே மீண்டும் பிளக்கைச் செருகவும்.

உங்கள் சோபா என்ன துணி?

வேலையின் வெற்றி தோல்வி பெரும்பாலும் இங்குதான் முடிவாகிறது. வெளிநாட்டு பிராண்ட் சோபாக்களில், குறிப்பாக அமெரிக்கச் சந்தைக்காகத் தயாரானவற்றில், குஷனுக்கு அடியில் ஒரு சிறிய துணி லேபிள் தைக்கப்பட்டிருக்கும். அதில் ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும். டபிள்யூ என்றால் தண்ணீர் சார்ந்த சுத்தம் செய்யலாம். எஸ் என்றால் சால்வன்ட் மட்டும்; தண்ணீர் படக் கூடாது, எனவே நீராவியும் கூடாது. இரண்டு எழுத்தும் சேர்ந்திருந்தால் இரண்டும் செய்யலாம். எக்ஸ் என்றால் வாக்குவம் கிளீனர், மென்மையான பிரஷ் தவிர வேறு எதுவும் கூடாது.

நம் ஊர் மரக்கடையில் ஆர்டர் கொடுத்துச் செய்த சோபாவில் லேபிளைத் தேடிப் பயனில்லை. செய்து கொடுத்தவரிடம் கேட்கலாம். துணியின் மீதித் துண்டு வீட்டில் இருந்தால் அதிர்ஷ்டம். பொதுவாக பாலியஸ்டர், நைலான் துணிகள் நீராவியைத் தாங்கும். பருத்தியும் லினனும் சுருங்கலாம். பளபளப்பாக, பட்டுப் போலத் தோன்றும் ரேயான் அல்லது விஸ்கோஸ் ஈரம் பட்டால் வலுவிழக்கும், நீர்க்கறை படியும். வெல்வெட்டின் ரோமம் சூட்டில் அமுங்கிப் போகும். அக்ரிலிக் சூட்டில் உருவம் மாறும். ரெக்சின் என்று நாம் சொல்லும் பி.வி.சி. உறை இளகும். உண்மையான தோல் என்றால் நீராவியை மறந்து விடுங்கள். பட்டும் அப்படித்தான்.

துணி தாங்கினாலும் அதன் கீழே உள்ளவை தாங்க வேண்டுமே! ஃபோமை ஒட்டிய பசை சூட்டில் இளகக் கூடும். மரத்தூள் பலகை ஈரத்தில் உப்பும். துணியை இழுத்து அடித்திருக்கும் ஸ்டேப்ளர் பின்கள் துருப்பிடித்தால், அந்தத் துரு துணியில் பழுப்புக் கோடாக இறங்கும். மரச்சட்டம் தெரியும் சோபாவில் பாலிஷ் மீது நீராவி பட்டால் வெள்ளை பூக்கும்.

எனவே, சோபாவின் பின்புறம் சுவரை ஒட்டி இருக்கும் கீழ்ப் பகுதியில் உள்ளங்கை அளவு இடத்தில் சோதனை செய்திடவும். முதலில் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அங்கேயே நிறுத்தி விடலாம். ஒட்டாவிட்டால் இரண்டு மூன்று விநாடிகள் மட்டும் நீராவியைக் காட்டி, துடைத்து, முழுவதும் உலர விடுங்கள். மறு நாள் பார்த்து முடிவு செய்யுங்கள். ஈரமாக இருக்கும்போது எல்லாத் துணியும் நன்றாகத்தான் தெரியும்.

வேலையைத் தொடங்கலாம்

முதலில் குஷன்களை எடுத்து விட்டு இடுக்குகளில் கையை விட்டுப் பாருங்கள். காணாமல் போன பென் டிரைவ், ஸ்டைலஸ், இயர்பட் ஒன்று, ரிமோட்டின் பேட்டரி மூடி, சில்லரைக் காசு எனப் பலவும் கிடைக்கும். பின்னர் வாக்குவம் கிளீனரால் நன்றாக உறிஞ்சி எடுக்கவும். இதனைத் தவிர்த்து விட்டு நேராக நீராவிக்குச் சென்றால் தூசி சேறாகி நூல்களுக்குள் இறங்கி விடும். பிறகு எடுப்பது கஷ்டம்.

தொட்டியில் ஊற்றும் தண்ணீரும் முக்கியம். போர் தண்ணீரில் உள்ள உப்பு பாய்லருக்குள் படிந்து நாசிலை அடைக்கும். வெள்ளைத் துகளாகச் சோபா மீதும் விழும். ஆர்.ஓ. தண்ணீர் பயன்படுத்தலாம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றலாமா என்பதற்கு மேனுவலைப் பார்க்கவும். தண்ணீரின் மின் கடத்தும் தன்மையைக் கொண்டு அளவை அறியும் கருவிகள் உண்டு. அவற்றில் உப்பே இல்லாத தண்ணீரை ஊற்றினால் தொட்டி காலி என்றே எண்ணிக் கொள்ளும். சோப்பு, வாசனைத் திரவியம், டெட்டால் எதனையும் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

கருவி சூடானதும் முதலில் ஒரு பழைய துணி மீது சில விநாடிகள் நீராவியை விடுங்கள். குழாயில் தங்கியிருக்கும் தண்ணீர் முதலில் வந்து விழும்; அது சோபா மீது விழக் கூடாது. பின்னர் அகலமான நாசிலில் மைக்ரோஃபைபர் துணியைச் சுற்றி, சோபாவின் மேலிருந்து கீழாக, ஒரே இடத்தில் நிற்காமல் நகர்த்திக் கொண்டே செல்லவும். மற்றொரு கையில் உலர்ந்த துணி. நீராவி சென்ற இடத்தை உடனே அழுத்தித் துடைத்து விட வேண்டும். துணி அழுக்கானால் மடிப்பை மாற்றுங்கள், பின்னர் வேறு துணி எடுங்கள். ஐந்தாறு துணிகளாவது தேவைப்படும்.

கறை உள்ள இடத்தை மட்டும் சுத்தம் செய்து நிறுத்தினால் என்ன? ஈரம் உலரும்போது கரைந்த அழுக்கு ஓரத்திற்குச் சென்று வளையமாகப் படியும். காபி சிந்தி உலர்ந்த இடத்தில் ஓரம் மட்டும் அடர்த்தியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். எனவே ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை முழுப் பகுதியையும் ஒரே தடவையில் முடிக்கவும்.

எல்லாக் கறைக்கும் நீராவி மருந்தல்ல. ரத்தம், பால், முட்டை போன்ற புரதக் கறைகள் சூட்டில் இன்னும் இறுகிப் பிடித்துக் கொள்ளும். வேக வைத்த முட்டையை மீண்டும் திரவமாக்க முடியாதல்லவா? இவற்றைக் குளிர்ந்த நீரால் ஒற்றி எடுத்த பின்னரே நீராவி. சாம்பார், குழம்பு சிந்திய மஞ்சள் கறை நீராவிக்கு அசையாது. சோப்பு போட்டால் சிவப்பாகும். ஆனால் மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் சிதைந்து மங்கும். உறை கழற்றக் கூடியதானால் வெயிலில் காய விடுவதே எளிய வழி.

கையைக் காப்பாற்றுங்கள்

கொதிநீரை விட நீராவி ஏன் மோசமாகச் சுடுகிறது? 100 டிகிரி கொதிநீர் ஒரு கிராம் நம் தோலில் பட்டு உடல் வெப்பத்திற்கு ஆறும்போது ஏறத்தாழ 264 ஜூல் வெப்பத்தைத் தரும். ஒரு கிராம் நீராவி தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போதே 2,257 ஜூல் தந்து விடும்; அதன் பின்னர் வெந்நீராக அந்த 264. மொத்தம் ஒன்பது மடங்குக்கு மேல்.

கருவியின் குறையாலும் காயம் படலாம். 2024 ஜூலையில் பிஸ்ஸெல் நிறுவனம் தன் ஸ்டீம் ஷாட் என்னும் கையடக்க ஸ்டீம் கிளீனர்களைத் திரும்பப் பெறுவதாக அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. அந்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 32 லட்சம் கருவிகள். சூடேறும்போதோ பயன்பாட்டின்போதோ சூடான நீரும் நீராவியும் பயன்படுத்துபவர் மீதே பீய்ச்சப்படலாம் என்பது காரணம். 150க்கும் மேற்பட்டோருக்குச் சிறு தீக்காயங்கள் ஏற்பட்டதாகப் புகார்கள் வந்திருந்தன. பழைய கருவியை யாரிடமாவது வாங்குவதாக இருந்தால் மாடல் எண்ணை இணையத்தில் தேடிப் பார்த்து விடுங்கள்.

எந்த பிராண்ட் ஆனாலும், சூடேறும் நேரத்தில் நாசில் யார் முகத்தையும் நோக்கி இருக்கக் கூடாது. நீளமான, தடித்த கையுறை அணிவது நல்லது. நாசிலை மாற்றும் முன் ட்ரிகரை அழுத்தி மீதி நீராவியை வெளியேற்றவும். நடுவில் தண்ணீர் தீர்ந்தால் பிளக்கைக் கழற்றி, மேனுவல் சொல்லும் நேரம் வரை ஆற விட்டு, பின்னரே மூடியை மெதுவாகத் திறக்கவும். சத்தம் அடங்காத குக்கரை நம் வீட்டுப் பெண்கள் திறப்பார்களா? குழந்தைகளையும் பூனையையும் வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். ட்ரிகரில் லாக் இருந்தால் கீழே வைக்கும்போதெல்லாம் போடவும். குக்கர் வெயிட்டை எடுத்து விட்டு அங்கே ரப்பர் குழாயைச் செருகிச் செலவில்லாமல் ஸ்டீம் கிளீனர் செய்யலாமே என்று யாருக்காவது தோன்றினால், தயவு செய்து வேண்டாம். குழாய் கழன்றாலும் அடைத்துக் கொண்டாலும் விளைவு மோசமாக இருக்கும்.

சுட்டு விட்டால் மோதிரம், வளையலைக் கழற்றி, ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடங்கள் காட்டவும். ஐஸ், பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். முகம், கண் அல்லது குழந்தை என்றால் மருத்துவமனைக்குச் சென்று விட வேண்டும்.

மூட்டைப் பூச்சியும் தூசிப் பூச்சியும்

பலர் ஸ்டீம் கிளீனரை வாங்குவதே இதற்காகத்தான். தூசியில் வாழும் நுண்ணிய மைட்ஸ் 60 டிகிரி வெப்பத்தில் இறந்து விடும். மூட்டைப் பூச்சி 50 டிகிரிக்கு மேல் தாங்காது; அதன் முட்டைகள் இன்னும் சற்றுக் கூடுதல் சூடு கேட்கும். தையல் ஓரங்களில் மெதுவாக நகர்த்தினால்தான் அந்தச் சூடு உள்ளே இறங்கும். மெல்லிய ஜெட் நாசிலை வைத்து வேகமாக அடித்தால் பூச்சிகள் சாவதற்குப் பதில் பறந்து சென்று பக்கத்து நாற்காலியில் குடியேறும்! ஃபோமின் ஆழத்தில் இருப்பவற்றை நீராவி எட்டாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அலர்ஜி உள்ளவர்கள் உலர்ந்த பின்னர் மீண்டும் ஒருமுறை வாக்குவம் கிளீனரைப் பயன்படுத்தவும். மைட்ஸ் இறந்தாலும், தும்மலைத் தூண்டும் அதன் கழிவு துணியில் அப்படியே இருக்கும்.

துணி உண்மையில் எவ்வளவு சூடாகிறது என்று அளக்க விரும்புபவர்கள், கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி தெர்மாமீட்டரை எடுக்கலாம் என நினைப்பார்கள். உடல் வெப்பத்திற்கென்றே அமைந்தவை 43 டிகிரி அளவில் நின்று விடும். பொருள்களின் மேற்பரப்பை அளக்கும் மோட் இருந்தால் மட்டும் பயன்படும்.

உலர வைப்பது

24 மணி நேரம், அதிகம் போனால் 48 மணி நேரத்திற்குள் சோபா முழுவதும் உலர்ந்து விட வேண்டும். அதற்கு மேல் ஈரம் நின்றால் பூஞ்சை தொடங்கும். எனவே சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இந்த வேலையே வேண்டாம். தீபாவளிக்குச் சுத்தம் செய்வதாக இருந்தால் புரட்டாசியிலேயே வெயில் உள்ள நாளாகப் பார்த்து, காலையில் தொடங்குங்கள். ஜன்னல்களைத் திறந்து, சீலிங் ஃபேனை முழு வேகத்தில் வைத்து, குஷன்களை நிமிர்த்தி இரு பக்கமும் காற்றுப் படும்படி வைக்கவும். மழை வந்து விட்டால் ஜன்னலை மூடி ஏ.சி.யை டிரை மோடில் ஓட விடலாம். ஹேர் டிரையர் வேண்டாம். ஒரு இடத்தை மட்டும் சூடாக்கும்.

மேலே தொட்டுப் பார்த்து உலர்ந்ததாக நினைக்க வேண்டாம். சிறிய டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்று ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இருக்கைக்கும் முதுகுக்கும் இடையே உள்ள இடுக்கில் அரை மணி நேரம் வைத்திருந்து, அறையில் காட்டும் அளவுடன் ஒப்பிடுங்கள். இடுக்கில் அதிகமாகக் காட்டினால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

அதுவரை லேப்டாப்பை சோபா பக்கம் கொண்டு வர வேண்டாம். குறிப்பாக ஏ.சி. அறையில் குளிர்ந்திருக்கும் லேப்டாப்பை நீராவி நிறைந்த ஹாலுக்கு எடுத்து வந்தால், ஐஸ் வாட்டர் டம்ளரின் மீது முத்து முத்தாகத் தண்ணீர் பூப்பது போல அதன் மீதும், சில நேரம் உள்ளேயும் பூக்கும். மறு நாள் ஹால் பழைய நிலைக்கு வந்த பின்னர் பயன்படுத்தலாம். அப்போதும் அடியில் ஒரு பலகையோ, கெட்டி அட்டை போட்ட பெரிய புத்தகமோ வைத்துக் கொள்ளுங்கள். சோபா எவ்வளவு சுத்தமானாலும் மெத்தென்ற துணி காற்றுத் துளைகளை அடைக்கத்தான் செய்யும்.